74 வயது அம்மாவுக்கு பிசியோதெரபி பலன் தருமா, ஓய்வு நல்லதா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அம்மாவுக்கு வயது 74, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சில மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அன்றிலிருந்து வாசலைத் தாண்டுவதில்லை, கோயிலுக்குப் போவதும் நின்றுவிட்டது. டாக்டர் 10 நாள் பிசியோதெரபி எழுதிக் கொடுத்திருக்கிறார். "இந்த வயசுல எக்ஸர்சைஸ் பண்ணி என்ன ஆகப்போகுது, பேசாம ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று வீட்டில் சிலர் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

டாக்டர் சொன்னபடி செய்யுங்கள். முதியவர்களுக்கான இயன்முறை சிகிச்சையில், அதாவது பிசியோதெரபியில், பல வருடங்களாக வேலை செய்கிறேன். உங்கள் அம்மாவின் நிலையில் இருப்பவர்களை முடக்கிப்போடுவது பெரும்பாலும் தேய்மானமோ விழுந்ததோ இல்லை, அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் ஓய்வுதான்.

ஓய்வு என்ன செய்யும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தசை போய்விட்டது. காய்ச்சல் இல்லை, அறுவை சிகிச்சை இல்லை, வெறுமனே படுத்திருந்ததற்கு இந்த விலை. உங்கள் அம்மா படுத்த படுக்கையாக இல்லை என்பது உண்மை. ஆனால் நாளெல்லாம் கட்டிலுக்கும் டிவி முன்னால் இருக்கும் நாற்காலிக்குமாக இருந்தால் அதே இழப்பு மெதுவாக நடக்கும்.

முழங்கால் வலி உள்ளவருக்கு இது இரட்டை அடி. மூட்டின் மேல் விழும் பளுவை வாங்கிக்கொள்வது தொடையின் முன்பக்கத் தசை. நடக்காமல் இருந்தால் முதலில் மெலிவது அதுதான். அது மெலிந்தால் பளு நேராக மூட்டில் இறங்கும், வலி கூடும், வலி கூடியதால் நடை இன்னும் குறையும். "நாளுக்கு நாள் வலி ஜாஸ்தியாகுது" என்று அவர் சொல்வதைக் கேட்டு, தேய்மானம் முற்றிவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். பல சமயம் எக்ஸ்ரேயில் பெரிய மாற்றமே இருக்காது, தொடைதான் இளைத்திருக்கும்.

வயதான தசை இனி வளருமா என்ற சந்தேகம் நியாயமானது. மருத்துவர்களுக்கே அது இருந்தது. 1990-ல் பாஸ்டனில் உள்ள ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்குத் தொடைத் தசைக்கு எடை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதுவும் லேசான எடை இல்லை, அவரவரால் தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை. எட்டு வாரத்தில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆரம்பத்தில் மிகவும் பலவீனமாக இருந்தவர்கள் என்பதால் சதவீதம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 90 வயதிலும் தசை பயிற்சிக்கு இணங்கும் என்பது அதோடு உறுதியானது. உங்கள் அம்மா அவர்களைவிட 16 வயது இளையவர்.

இப்போது அந்த 10 நாளில் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். பலர் ஏமாந்துபோவது இங்கேதான்.

நம் ஊரில் பிசியோதெரபி என்றால் பலருக்கு "கரண்ட் வைக்கிறது". முழங்காலைச் சுற்றி நாலு பேட் ஒட்டி மெஷினைப் போடுவார்கள், பிறகு ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் தேய்ப்பார்கள், சில இடங்களில் மெழுகு ஒத்தடம். அரை மணி நேரம் இதமாக இருக்கும், வலியும் கொஞ்ச நேரம் அடங்கும். வலி அதிகமாக இருந்து கால் அசைக்கவே முடியாதவருக்கு, பயிற்சியைத் தொடங்குவதற்கான வழியாக இதைக் கொஞ்சம் பயன்படுத்தலாம். ஆனால் மெஷினால் தொடைத் தசை வளராது, தடுமாறும்போது கால் ஊன்றிச் சமாளிக்கும் திறமையும் வராது. பத்து நாளும் படுக்க வைத்து மெஷின் மட்டும் போட்டு அனுப்பினால் அந்தப் பணம் வீண் என்றே சொல்வேன். மூன்றாவது நாளுக்குள் அம்மாவை எழுந்து நிற்க வைத்துப் பயிற்சி கொடுக்கவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

நல்ல இயன்முறை மருத்துவர் முதல் நாள் மெஷின் பக்கமே போகமாட்டார். அம்மா உள்ளே நடந்து வருவதிலிருந்தே பார்க்க ஆரம்பிப்பார்: சுவரைப் பிடிக்கிறாரா, காலைத் தூக்கி வைக்கிறாரா இல்லை தேய்த்து நடக்கிறாரா, திரும்பும்போது எத்தனை சின்ன அடி வைக்கிறார். பிறகு கை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வார். இதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் மறுபடி விழும் வாய்ப்பு இருப்பதாகக் கொள்ளலாம். அடுத்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவார். 70 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு 10-க்குக் குறைந்தால் கால் வலு போதாது. படுத்திருக்கும்போது ஒருமுறையும் நின்றவுடன் ஒருமுறையும் பிபி பார்ப்பார், ஏனென்றால் எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுத்து விழுபவர்கள் நிறைய. என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்பார். தூக்க மாத்திரையும் சில பிபி மாத்திரைகளும் விழுவதற்குக் காரணமாகும். கண் புரை, பாதத்தில் சர்க்கரை நோயால் வந்த மரமரப்பு, தேய்ந்துபோன ரப்பர் செருப்பு வரை எல்லாம் கணக்கில் வரும்.

இதெல்லாம் முடிந்ததும் அவர் உங்களிடம் இல்லாமல் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: "என்னம்மா செய்யணும் உங்களுக்கு?" என்னிடம் வந்த ஒரு பாட்டிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஊர்க் கோயிலின் கருங்கல் வாசற்படியைக் கையை யாரும் பிடிக்காமல் தாண்ட வேண்டும். அந்தப் படி முழங்காலில் பாதி உயரம், செருப்பில்லாமல் தாண்ட வேண்டும், உள்ளே அரையிருட்டு வேறு. அவருக்கு நாங்கள் செய்ததெல்லாம் அதை ஒட்டித்தான். முதலில் தரையில் ஒரு கயிற்றைப் போட்டு அதைத் தாண்டினார். பிறகு வீட்டில் இருந்த பலகை மணை. பிறகு மணைமேல் மணை. ஒரு கை சுவரில், பிறகு ஒரு விரல் மட்டும் சுவரில், பிறகு கை இல்லாமல். நின்ற காலின் இடுப்புத் தசைதான் இதில் வேலை செய்கிறது, ஒற்றைக் காலில் அந்த ஒரு கணம் நிற்கும் தைரியமும் கூடவே வருகிறது. "கால் வலுப்பட பத்து தடவை தூக்குங்க" என்று சொன்னால் இரண்டு நாள் செய்து விட்டுவிடுவார்கள். அம்மன் சன்னதிக்குள் போவதற்கு என்றால் மூன்று வேளையும் செய்வார்கள்.

உங்கள் அம்மாவுக்கும் பயிற்சிகளின் மையம் நாற்காலியாகத்தான் இருக்கும். எப்படி எழ வேண்டும் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், பெரும்பாலானவர்கள் தவறாக எழுகிறார்கள். நாற்காலியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். இருக்கையின் முன் விளிம்புக்கு நகர்ந்து உட்கார வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, முழுப் பாதமும் தரையில் பதிய வைக்க வேண்டும். மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, பிறகு எழ வேண்டும். வயதானவர்கள் பின்னுக்குச் சாய்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில். அப்படி எழவே முடியாது, பொத்தென்று திரும்ப உட்கார்ந்துவிடுவார்கள். முன்னால் சாய்ந்தால் பாதி வேலை முடிந்தது. உட்காரும்போது பொத்தென்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். இறங்கும்போதும் தொடை உழைக்கிறது. முழங்கால் அதிகம் வலித்தால் இருக்கையில் ஒரு கனமான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிவிட்டுத் தொடங்குங்கள், வலு வர வர தலையணையை எடுத்துவிடலாம்.

இதோடு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, பக்கவாட்டில் அடி வைத்து நடப்பது, ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது, கணுக்காலில் மணல் பை கட்டி முழங்காலை நீட்டி மடக்குவது ஆகியவை சேரும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் ஏறத்தாழ இவற்றைக் கொண்டதுதான். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம், கூடவே நடை. 80 வயதைத் தாண்டிய பெண்களிடம் அதைச் செய்துபார்த்து 1997-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதன்பின் நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், விழுவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உலக அளவில் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2019-ல் வெளியிட்ட அறிக்கையும் உடற்பயிற்சியால் விழும் எண்ணிக்கை 23 சதவீதம் குறைகிறது என்கிறது. அதில் அதிகம் பலன் தந்தவை சமநிலைப் பயிற்சியும், எழுவது, படி ஏறுவது போன்ற அன்றாட அசைவுகளைப் பழக்கும் பயிற்சியும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, வாக்கிங் மட்டும் போதாது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நடை நல்லதுதான். ஆனால் சமதளத்தில் நேராக நடப்பவருக்குத் தடுமாற்றத்தைச் சமாளிக்கும் பழக்கம் வராது. "அப்பா தினமும் ரெண்டு ரவுண்டு பார்க்ல நடக்கிறாரே, எப்படி விழுந்தார்?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருப்பதும் இதனால்தான்.

பயிற்சி கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும், இதிலும் தெளிவாக இருங்கள். பத்து முறை சிரமமே இல்லாமல் செய்ய முடிந்தால் அந்த அளவு போதாது, கூட்ட வேண்டும். முழங்கால் வலி பயிற்சியின்போது சற்றுக் கூடலாம், அது தேய்மானத்தை அதிகமாக்காது. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மறுநாளும் வீங்கி வலித்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். தசைக்குச் சாப்பாடும் வேண்டும். இரவு இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளும் அம்மாக்களுக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் வலு மெதுவாகத்தான் ஏறும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது புரதம் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பயிற்சியை நீங்களே கேட்டு வாங்குங்கள், பல இடங்களில் சொல்லித்தருவதில்லை: விழுந்தால் எப்படி எழுவது. அம்மாவின் பயத்தில் பாதி, விழுந்து யாரும் வராமல் தரையிலேயே கிடந்துவிடுவோமோ என்பதாகத்தான் இருக்கும். ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, மண்டியிட்ட நிலைக்கு வந்து, பக்கத்தில் இருக்கும் கட்டிலையோ கனமான நாற்காலியையோ பிடித்து, வலுவான காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். மண்டியிடும்போது வலித்தால் முழங்காலுக்கு அடியில் மடித்த போர்வை போட்டுக்கொள்ளலாம். முதலில் கட்டிலின் மேலேயே உருண்டு பழகி, பிறகு தரைக்கு வரலாம். தரையிலிருந்து தானாக எழத் தெரிந்தவர் நடையில் பயம் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கைத்தடி பற்றி: எந்தப் பக்க முழங்கால் அதிகம் வலிக்கிறதோ அதற்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் என்றால் இடது கை. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும், அடியில் ரப்பர் தேயாமல் இருக்க வேண்டும். தெருவில் நான் பார்க்கும் பாதிப் பேர் தாத்தா வைத்திருந்த தடியை அவர் உயரத்திலேயே, தப்பான கையில் பிடித்து நடக்கிறார்கள். "தடி பிடிச்சா கிழவின்னு சொல்லுவாங்க" என்று அம்மா மறுத்தால், ஆறு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுங்கள். வலு வந்தால் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். குளியலறையில் கைப்பிடிக் கம்பி, டவல் தொங்கவிடும் கம்பியை நம்பக் கூடாது, அது சுவரோடு பிடுங்கிக்கொண்டு வரும். சோப்புத் தண்ணீர் தேங்காத தரை, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், மேற்கத்திய கழிப்பறை, இரவில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு சின்ன விளக்கு. சேலையின் கொசுவம் தரையைத் தொடாமல் கட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. அம்மா தண்ணீர் எடுக்க எழுந்தால் "நீங்க உக்காருங்கம்மா, நான் எடுத்துத் தரேன்" என்று ஓடிவருவது பாசம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நாளில் அவர் எழுந்திருக்க வேண்டிய இருபது முறையை அந்தப் பாசம் மூன்றாகக் குறைத்துவிடுகிறது. துணி மடிப்பது, கீரை ஆய்வது, பூ கட்டுவது போன்ற உட்கார்ந்த வேலைகளை மட்டும் கொடுக்காமல், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூஜைக்கு விளக்கேற்றுவது, அலமாரியிலிருந்து பாத்திரம் எடுப்பது என்று எழுந்து நடக்க வேண்டிய வேலைகளையும் அவரிடமே விடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

வேறு காரணத்துக்காக இதைப் படிப்பவர்கள் இருப்பார்கள் என்பதால் சுருக்கமாக: இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவரை, மருத்துவர் தடை சொல்லாவிட்டால், மறுநாளே எழுப்பி நிற்க வைப்பதுதான் இப்போதைய முறை, படுத்தே இருந்தால் சளி கட்டி நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக் கட்டு என்று வரிசையாக வரும். பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவித் தீராத வலி வந்துவிடும். படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடி தலை சுற்றினால் அது காதுக்குள் இருக்கும் துகள் இடம் மாறியதால் இருக்கலாம்; மாத்திரையை மாதக்கணக்கில் தின்ன வேண்டாம், தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பும் எளிய சிகிச்சை இருக்கிறது, பெரும்பாலும் ஒன்றிரண்டு தடவையில் சரியாகும்.

செலவுதான் தடை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயர் பதியலாம். சென்னையில் இருந்தால் கிண்டியில் 2024-ல் திறந்த 200 படுக்கை கொண்ட தேசிய முதியோர் நல மையமும் இருக்கிறது. தனியாரிடம் வீட்டுக்கு வரச் சொல்வதானால் பிபிடி என்ற பிசியோதெரபி பட்டம் படித்தவரா என்று கேட்டுவிடுங்கள். அது பல வருடப் படிப்பு. சில வாரப் பயிற்சி முடித்து மசாஜ் செய்பவர்களும் அதே பெயரில் வருகிறார்கள்.

பயிற்சி தொடங்கும் முன்போ நடுவிலோ இவற்றில் ஏதாவது தெரிந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள்: முழங்கால் சூடாகி வீங்கி காய்ச்சலும் வருவது, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கம் வலுவிழப்பது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியில் காயம் தெரியாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரி.

டாக்டர் எழுதிய 10 நாள் என்பது பயிற்சிகளைத் தப்பில்லாமல் கற்றுக்கொள்வதற்கான காலம். தசை வளர எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் வேண்டும், அது வீட்டில்தான் நடக்கும், அதன்பிறகும் விட்டுவிட்டால் வந்த வலு சில வாரங்களிலேயே இறங்க ஆரம்பிக்கும். முதல் நாள் 30 நொடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்தார் என்பதை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். ஆறு வாரம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி எண்ணிப் பாருங்கள். கூடியிருந்தால் பயிற்சியின் அளவை இன்னும் ஒரு படி ஏற்றச் சொல்லுங்கள். கூடவில்லை என்றால் அந்தக் காலண்டரையும் கையோடு எடுத்துக்கொண்டு போய், என்ன மாற்ற வேண்டும் என்று கேளுங்கள்.